கோட்டம் எடுத்த துப்பாக்கி: சியால்டா லைனில் ஒரு சரித்திரம்

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் மிச்சிகன் மண்ணின் மைந்தர். நவம்பர் 15 நெருங்கினால் மனுஷனுக்கு வேலையே ஓடாது. அன்றைக்குத்தான் இங்கே மான் வேட்டை சீசன் ஆரம்பம். போன வருஷம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார். "என்கிட்ட பழைய ரெமிங்டன் 700 ஒண்ணு இருக்கு. அதோட ஆக்‌ஷனைக் கழட்டி லேத்தில் போட்டு ட்ரூ பண்ணலாமா, இல்ல புதுசா கஸ்டம் ஆக்‌ஷனே வாங்கிடலாமா? நீதான் அளவு பார்க்கிற ஆளாச்சே, சொல்லேன்."

நான் பிழைப்பது மைக்ரோமீட்டரை வைத்துத்தான். ஆனால் துப்பாக்கியைத் தொட்டது காலேஜ் என்.சி.சி.யோடு சரி. பேந்தப் பேந்த முழித்தேன் :-) சரி, வீட்டுக்கு வா காட்டுகிறேன் என்றார். போனேன். கராஜில் ரெமிங்டனைக் காட்டிவிட்டு, "உங்க ஊர் சரக்கும் ஒண்ணு இருக்கு" என்று மூலையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். கறுத்துப்போன மரக்கட்டை, மொட்டை மூக்கு. போல்ட்டுக்குக் கீழே இரும்புப் பட்டையில் அசோகச் சிங்கம். அதற்குக் கீழே 2ஏ1, ஆர்.எஃப்.ஐ., 1967.

ஆர்.எஃப்.ஐ. என்றால் ரைஃபிள் ஃபேக்டரி, இச்சாபூர். கொல்கத்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1967இல் என் பெரியப்பா அங்கேதான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். கேஜ் வைத்து அளப்பது அவர் வேலை. எனக்குக் கை லேசாக நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததும், பிறகு தேடித் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ட்ரூ பண்ணுவது என்றால் என்ன?

நம் ஊர் சைக்கிள் கடையில் சக்கரம் கோட்டம் எடுப்பார்கள் இல்லையா? அதேதான். ரைஃபிளின் ஆக்‌ஷன் என்பது குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உடம்பும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டும். தோட்டா வெடிக்கும்போது முழு அழுத்தத்தையும் தாங்குவது போல்ட்டில் இருக்கும் காதுகள். இரண்டு காதும் சமமாக உட்கார வேண்டும். குழல் திருகும் மரையும், உடம்பின் முன்முகமும், போல்ட்டின் முகமும் ஒரே அச்சில் நேராக இருக்க வேண்டும். ஃபேக்டரியில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும்போது அங்கங்கே ஒரு தலைமுடி அளவு கோணல் விழும். அந்தக் கோட்டத்தை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் ட்ரூ பண்ணுவது. கஸ்டம் ஆக்‌ஷன் என்றால் ஆரம்பத்திலேயே கோட்டம் இல்லாமல் தனியாகக் கடைந்து எடுப்பது. காசு அதிகம்.

அமெரிக்காவில் இது பர்ஸைப் பொறுத்த கேள்வி. கொல்கத்தாவில் இதே கேள்விக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அங்கே கேள்வி "எவ்வளவு செலவு" என்பதல்ல. "நேராகச் சுடும் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம்" என்பது.

சியால்டாவில் வடக்கே போகும் மெயின் லைன் லோக்கலில் ஏறுங்கள். டம்டம், பெல்கோரியா, சோதேபூர், கர்தா, டிட்டாகர், பாரக்பூர், பல்தா, இச்சாபூர். சின்ன வயதில் லேக் மார்க்கெட்டிலிருந்து பெரியப்பா வீட்டுக்கு இந்த வழியில்தான் போவோம். அம்மா கையில் புளியோதரைப் பொட்டலம், ஜன்னலில் ஜால்முரிக்காரர். இந்தியத் துப்பாக்கிச் சரித்திரம் முழுக்க இந்தப் பாதை ஓரத்திலேயே கிடக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

டம்டத்துக்குப் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் காசிப்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் அங்கே பீரங்கி வண்டிப் பட்டறை வைத்தது. 1802 மார்ச் 18 அன்று உற்பத்தி ஆரம்பித்தது. இன்றும் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிகள் மார்ச் 18ஐத்தான் தங்கள் தினமாகக் கொண்டாடுகின்றன. இச்சாபூரில் அதற்கும் முன்னால், 1780களின் கடைசியில், வெடிமருந்து ஆலை வந்துவிட்டது.

இப்போது ஏர்போர்ட் இருக்கிற டம்டம், 1857 ஜனவரியில் சிப்பாய்களுக்குப் புது என்ஃபீல்ட் ரைஃபிள் பழக்கும் இடங்களில் ஒன்று. கொழுப்பு தடவிய தோட்டா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சண்டையைத்தான் வாத்தியார் சொல்வார். ஆனால் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்று நான் அப்போது கேட்கவே இல்லை. பழைய மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குண்டு லொடலொட என்று இறங்கும், எங்கேயோ போய் விழும். புது ரைஃபிளின் குழலுக்குள் சுழல் மரை வெட்டியிருந்தார்கள். குண்டு மரையைப் பிடித்துச் சுழன்றால்தான் நேராகப் போகும். அதற்குக் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியே இறக்கும்போது வழுக்கிப் போகக் கொழுப்பு வேண்டும். துல்லியத்துக்காக வந்த கொழுப்பு, சாம்ராஜ்யத்தையே ஆட்டிவிட்டது. டம்டத்தில் கிளம்பிய பேச்சு, இதே லைனில் இருக்கும் பாரக்பூரில் மார்ச் 29ஆம் தேதி மங்கள் பாண்டேயின் துப்பாக்கியாக வெடித்தது. ஏப்ரல் 8 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அடுத்து நடந்ததைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்க்கு வந்தது 1858 மாடல். வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்ட். உள்ளே மரை கிடையாது. .577 அங்குலக் குழலுக்குப் பதில் .656 அங்குல வழவழப்புக் குழல். வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் ரைஃபிள், பக்கத்தில் நிற்கும் இந்தியச் சிப்பாய் கையில் அதே தோற்றத்தில் மஸ்கெட். கோட்டம் எடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வேண்டுமென்றே கோட்டம் வைத்ததை இங்கேதான் பார்த்தேன். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இந்தியப் படைகளுக்குப் பிரிட்டிஷ் படைகளைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான்.

1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு.

டம்டம் பேர் உலகம் முழுக்கப் பரவியது இன்னொரு காரணத்தால். 1890களில் டம்டம் ஆர்சனலில் இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே என்பவர், முனையில் ஈயம் தெரியும்படி ஒரு குண்டு செய்தார். உடம்பில் பட்டதும் அது விரிந்து கிழிக்கும். 1899 ஹேக் மாநாட்டில் இப்படி விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தார்கள். அந்த வகைக் குண்டுக்கு இன்றுவரை டம்டம் என்றே பேர். ஏர்போர்ட்டில் இறங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நிற்க. இனி கஸ்டம் பக்கம் வருவோம்.

அந்தக் கால கல்கத்தாவில், இப்போது பி.பா.தீ. பாக் என்று சொல்லும் டல்ஹௌசி வட்டாரத்தில், வரிசையாகத் துப்பாக்கிக் கடைகள். மாண்டன், ரோடா இரண்டும் பெரிய கைகள். வங்காளிகளில் தா குடும்பம். ஜோராசாங்கோவில் அவர்கள் வீட்டை இன்றும் 'பந்தூக்வாலா பாடி' என்பார்கள், துர்கா பூஜையில் பீரங்கி வெடிக்கும். மகாராஜாவும் கலெக்டரும் தேயிலைத் தோட்டத் துரையும் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குவது இந்த வட்டாரத்தில்தான். லண்டன் ரிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் எல்லாம் கப்பலில் வந்து இங்கே இறங்கும்.

ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பியும் லண்டனிலிருந்து கல்கத்தா மாண்டன் கம்பெனிக்கு வந்த துப்பாக்கிதான். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் புலியை 1907இல் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். ஐக்கிய மாகாண லெப்டினண்ட் கவர்னர் ஹீவெட் அதற்காக அவருக்குப் பரிசாகத் தந்தது இந்த ரைஃபிள். கட்டையில் வெள்ளித் தகடு பதித்திருக்கும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ரிக்பி என்றால் கஸ்டத்தின் உச்சம் என்று நினைப்போம். ஆனால் கார்பெட்டின் ரிக்பியில் இருக்கும் ஆக்‌ஷன் ரிக்பி செய்தது அல்ல. ஜெர்மனியில் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் மௌசர் ஃபேக்டரி செய்தது. 1890களின் கடைசியிலிருந்து ரிக்பிதான் மௌசருக்கு பிரிட்டனில் ஏஜெண்டு. ஃபேக்டரி ஆக்‌ஷனை வாங்கி, லண்டனில் கைதேர்ந்த ஆட்கள் அரம் போட்டு, இழைத்து, தங்கள் குழலைத் திருகி, கட்டை பொருத்தி விற்றார்கள். .275 ரிக்பி என்ற தோட்டாவே மௌசரின் 7 மி.மீ. தோட்டாதான், பேர் மட்டும் இங்கிலீஷ்! ஆக, உலகம் கஸ்டம் என்று கொண்டாடியது ஃபேக்டரி ஆக்‌ஷனின் கோட்டத்தை நன்றாக எடுத்ததைத்தான்.

இந்தப் பெரிய துப்பாக்கிகளிலும் சட்டம் கை வைத்தது. 1900களின் நடுவில் இந்தியாவில் .450 அளவுக்குத் தடை வந்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கும் அதே அளவு. கலகக்காரர்கள் கைக்குத் தோட்டா போய்விடும் என்று பயம். அதனால் லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. ஆனை வேட்டைத் துப்பாக்கிகளில் இத்தனை விநோத எண்கள் இருப்பதற்கு விஞ்ஞானம் காரணமல்ல, டல்ஹௌசி ஆபீஸ் ஃபைல்தான் காரணம்.

பயம் வீண் போகவில்லை. 1914 ஆகஸ்ட் 26. ரோடா கம்பெனிக்கு டாக்டீஷியன் கப்பலில் 202 பெட்டிகள் வந்திருந்தன. கம்பெனி குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா கஸ்டம்ஸிலிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றினார். வான்சிட்டார்ட் ரோ கிடங்குக்கு 192 பெட்டி வந்தது. மீதிப் பத்தைக் கொண்டுவருகிறேன் என்று போன குமாஸ்தா திரும்பவே இல்லை. அந்தப் பத்தில் 50 மௌசர் பிஸ்டல், 46,000 தோட்டா. மரத்தாலான உறையையே பின்கட்டையாக மாட்டினால் அந்தப் பிஸ்டல் குட்டி ரைஃபிள் ஆகிவிடும். 1918 ரௌலட் குழு அறிக்கை இந்தத் திருட்டுக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறது. 1915 செப்டம்பர் 9 அன்று பாலாசோர் பக்கம் நாலு தோழர்களோடு போலீஸ் படையை எதிர்த்து நின்ற பாகா ஜதீன் கையிலும் மௌசர்தான். மறுநாள் இறந்துபோனார்.

நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமானால், 1911 ஜூன் 17 மணியாச்சி. வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் வெளிநாட்டு பிரவுனிங் பிஸ்டல். சட்டம் எவ்வளவு இறுக்கினாலும் எங்கோ ஒரு குமாஸ்தா, எங்கோ ஒரு கப்பல்.

இப்போது ரயில் இச்சாபூருக்கு வந்துவிட்டது. 1904இல் பழைய வெடிமருந்து ஆலை நிலத்தில் ரைஃபிள் ஃபேக்டரி எழுந்தது. செய்தது நாம் எல்லோரும் அறிந்த .303 லீ என்ஃபீல்ட். என்.சி.சி.யில் தோளில் காய்ப்பு வந்ததே, அதுதான். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இங்கிருந்து போனது.

லீ என்ஃபீல்டில் ஒரு விசேஷம். மௌசரில் போல்ட்டின் காதுகள் முன்னால், தோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும். லீயில் பின்னால் இருக்கும். சுடும்போது உடம்பும் போல்ட்டும் நூலளவு வளைந்து கொடுக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இது குறை. ஆனால் பிஸ்லி மைதானத்தில் ஆயிரம் கஜத்தில் சுடுகிறவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த வளைவால் வேகம் குறைந்த குண்டு கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்புகிறது, வேகமான குண்டு கொஞ்சம் கீழே கிளம்புகிறது, தூரத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பக்கத்து இலக்கில் மௌசர் வகை ஜெயிக்கும், தூரத்து இலக்கில் லீ சளைக்காது. கோணல் எல்லாமே கெடுதல் இல்லை, எந்தக் கோணல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு உடம்புக்குத் தனியாகப் பொருத்தப்படும். காது இரண்டும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்து, தேவையானதை இழைத்து, பிறகு இரண்டிலும் ஒரே எண்ணை அடிப்பார்கள். ராணுவத்தில் போல்ட்டை மாற்றிப் போட்டால் தொலைந்தோம். லட்சக்கணக்கில் செய்த ஃபேக்டரித் துப்பாக்கிக்குள் ஒரு சின்ன கஸ்டம் வேலை ஒளிந்திருக்கிறது என்பது இதுதான்.

பெரியப்பாவைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பெரியப்பா, நீங்க துப்பாக்கி செய்வீங்களா?"

"ஏல, நான் எங்க செய்யுதேன்? செஞ்சதை வேண்டாம்னு சொல்லுத வேலைலா எனக்கு" என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. வங்காளியிலும் அதே ராகம்தான். "போகிற கேஜ் போகணும், போகாத கேஜ் போகக் கூடாது. போகாதது போச்சுன்னா, எவன் சிபாரிசு பண்ணாலும் அது குப்பை."

அவர் வாயிலிருந்துதான் எஃப்.டி.ஆர். என்ற எழுத்துகளை முதலில் கேட்டேன். ஃபேக்டரி தரோ ரிப்பேர். படையில் தேய்ந்துபோன ரைஃபிள்கள் திரும்ப வரும். கடைசி ஸ்குரூ வரை கழற்றுவார்கள். உடம்பை அளந்து, தேறாததைத் தள்ளுவார்கள். தேறியதற்குப் புதுக் குழல், புதுக் கட்டை. போல்ட்டைத் திரும்பப் பொருத்தி, அழுத்தச் சோதனை செய்து, எஃப்.டி.ஆர். என்றும் வருஷத்தையும் அடிப்பார்கள். நம் மரம் வெயிலிலும் மழையிலும் பிளந்துவிடாமல் இருக்க முன்கட்டையில் குறுக்காக ஒரு ஸ்குரூ போட்டதும் இச்சாபூர் யோசனை. இன்றைக்கும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அந்த ஸ்குரூவைப் பார்த்தே இச்சாபூர் என்று சொல்லிவிடுகிறார்கள். என் நண்பர் ரெமிங்டனுக்குச் செய்ய நினைப்பதை அந்த ஃபேக்டரி ஒரு தேசத்தின் துப்பாக்கிகளுக்குச் செய்துகொண்டிருந்தது.

அதே இச்சாபூர் இதற்கு நேர் எதிரான வேலையும் செய்தது. .303 ரைஃபிளையே .410 வழவழப்புக் குழல் மஸ்கெட்டாக மாற்றினார்கள். மேகஸின் இடத்தில் மரக்கட்டை, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுக்க. பிடுங்கிக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டா அதில் ஏறாது. 1858இன் பயம் எழுபது எண்பது வருஷம் கழித்தும் போகவில்லை.

லண்டனிலும் போர் வந்தபோது புதிதாகக் கஸ்டம் செய்ய யாருக்கும் நேரம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்னைப்பர் ரைஃபிள் தேவைப்பட்டபோது, ஃபேக்டரியில் சுட்டுப் பார்த்ததில் நன்றாக அடித்த நம்பர் 4 ரைஃபிள்களைப் பொறுக்கி ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கு அனுப்பினார்கள். மகாராஜாக்களுக்குத் துப்பாக்கி செய்த அதே கம்பெனி. அவர்கள் கட்டையைத் திருத்தி, டெலஸ்கோப் பொருத்தி, இருபதாயிரத்துக்கும் மேல் செய்து கொடுத்தார்கள். பொறுக்கு, கோட்டம் எடு, சோதித்துப் பார். அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்தது. கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. துப்பாக்கி மாறவில்லை. 1962 அக்டோபரில் சீனப் படை இறங்கியபோது நம் ஜவான்களில் பெரும்பாலோர் கையில் அதே .303. ஒவ்வொரு சுடுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். எதிரில் தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகள். நவம்பர் 18 அன்று ரெஸாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் 13 குமாவோனைச் சேர்ந்த சுமார் 120 பேர் நின்றார்கள். 110க்கும் மேல் திரும்பவில்லை. உறைந்த உடல்களைப் பனி உருகிய பிறகு கண்டெடுத்தபோது பலர் கையில் துப்பாக்கி அப்படியே இருந்ததாம். கோட்டம் எடுத்து எடுத்துக் காலத்தை ஓட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்.

இச்சாபூரில் எஸ்.எல்.ஆர். செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் ராணுவத்தின் அளவுக்கு அது வந்து சேரும்வரை கைகள் காலியாக இருக்க முடியாது. அப்போது பிறந்ததுதான் 2ஏ, பிறகு 2ஏ1. பழைய .303ஐத் துளைத்து மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. லீ என்ஃபீல்ட் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, 7.62 நேட்டோ தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும்படி நல்ல ஸ்டீலில் புதிதாகச் செய்தது. 2ஏயில் 2000 மீட்டர் வரை குறித்திருந்த பார்வைக்குறியை 2ஏ1இல் 800 மீட்டராகக் குறைத்தார்கள். ஒரு ராணுவத்துக்கென்று போல்ட் ஆக்‌ஷனில் வடிவமைக்கப்பட்ட கடைசி ரைஃபிள்களில் இதுவும் ஒன்று. உலகம் முன்னால் போய்விட்டது என்று தெரிந்தே செய்தது. இருக்கிற வடிவம், இருக்கிற மெஷின், இருக்கிற கைகள், மேலே நல்ல இரும்பு. இதற்கு மேல் அன்றைக்கு என்ன செய்திருக்க முடியும்?

கராஜில் நான் பிடித்தது அதைத்தான். 1967.

பொதுஜனத்தின் கதை தனி. .303 ராணுவ அளவு என்பதால் சாதாரண லைசென்ஸுக்குக் கிடையாது. அதற்காக .315 என்று ஓர் அளவு. லீ என்ஃபீல்ட் ஆக்‌ஷனில் இச்சாபூர் அதைச் செய்தது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. போட்டியில் சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் கொல்கத்தாவில் லைசென்ஸ்காரர் ஒருவர் 'ட்ரூ பண்ணட்டுமா, கஸ்டம் வாங்கட்டுமா' என்று கேட்கவே முடியாது. பெரும்பாலும் தாத்தா விட்டுப்போன இங்கிலீஷ் துப்பாக்கி, இல்லையென்றால் .315. விலக்கு கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் கொல்கத்தாவே சாட்சி. அந்த ஊர் ஜாய்தீப் கர்மாகர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ப்ரோன் ரைஃபிளில் நாலாவதாக வந்தார். மயிரிழையில் மெடல் போயிற்று.

.303 அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில் ஏ.கே. துப்பாக்கிகளுக்கு எதிரே ரயில்வே போலீஸ் கையில் இருந்தது அதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது. ராணுவத்துக்கு 1990களில் இன்சாஸ் வந்தது, இச்சாபூரிலும் நம் திருச்சியிலும் செய்தார்கள். 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் ரைஃபிள்கள் வாங்க ஒப்பந்தம். 2021 டிசம்பரில் ஏ.கே. 203க்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம், செய்வது அமேதியில். அதே 2021 அக்டோபர் 1 அன்று ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். இச்சாபூரும் திருச்சியும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குள் போயின. நம்முடையதைத் திருத்துவதா, வெளியே வாங்குவதா? தேசத்துக்கும் என் நண்பருக்கும் ஒரே கேள்வி.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். திருத்துவது வெறும் சிக்கனம் இல்லை. அளக்கத் தெரிந்த ஆட்கள் அதில்தான் உருவாகிறார்கள். ரிக்பியிலும் அப்படித்தான், இச்சாபூரிலும் அப்படித்தான். வாங்குவதை மட்டும் பழகிய இடத்தில் அந்தக் கைகள் வராது. அதே சமயம், வடிவமே காலாவதியான பிறகும் கோட்டம் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரெஸாங் லா இருக்கிறது. எல்லை எங்கே என்று சொல்ல, தள்ள வேண்டியதைத் தள்ளும் தைரியம் உள்ள ஓர் அளவுக்காரன் வேண்டும். பெரியப்பா மாதிரி.

நண்பரிடம், "ரெமிங்டனை முதலில் அளந்து பார்ப்போம். எவ்வளவு கோணல் என்று தெரியாமல் காசு செலவழிக்காதே" என்றேன். அளந்தோம். ஒரு காதுதான் முழுதாக உட்கார்ந்திருந்தது. ஊரில் இருக்கும் துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து ட்ரூ பண்ணிக்கொண்டார். மிச்சக் காசில் ஒரு நல்ல டெலஸ்கோப்.

அன்றைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த 2ஏ1ஐ ஒரு தடவை கேட்டு வாங்கினேன். போல்ட்டிலும் உடம்பிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல், கடல் தாண்டி, யார் யார் கையோ மாறி, இன்னும் அதே ஜோடி. அங்கங்கே பொடிப்பொடியாக இன்ஸ்பெக்டர் முத்திரைகள். அதில் பெரியப்பாவுடையது எது, இருக்கிறதா என்பதெல்லாம் சொல்ல ஆள் இல்லை. அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. போல்ட்டை ஒரு தடவை இழுத்துத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி போயிற்று.

மனுஷர் ஒரு நாளும் ஒரு துப்பாக்கியால் சுட்டதில்லை. கொசு அடிக்கவே யோசிப்பார்.

அடுத்த லீவுக்குக் கொல்கத்தா பக்கம் போகிறவர்கள், பிள்ளைகளை விக்டோரியா மெமோரியலோடு நிறுத்திவிடாமல் சியால்டாவில் ஒரு லோக்கலில் ஏற்றுங்கள். டம்டம், பாரக்பூர், இச்சாபூர் என்று ஸ்டேஷன் பேர் வரவரக் கதையைச் சொல்லுங்கள். ஃபேக்டரிக்குள் விடமாட்டார்கள். பரவாயில்லை, ஸ்டேஷனில் ஜால்முரி நன்றாக இருக்கும்.